ஊருக்குச் சொன்னது யாருக்கெல்லாம் சேர்ந்தது? முரசு முதல் செயற்கைக்கோள் வரை

காரக்கோணம் என்றதும் நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கு மருத்துவக் கல்லூரிதான் நினைவுக்கு வரும். நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிற சிற்றூர் அது. கொஞ்ச தூரம் போனால் விளவங்கோடு வட்டம் வந்துவிடும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் போய்விட்டன. அந்த வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, தொலைத்தொடர்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த வேறொரு வரலாற்றைச் சொல்கிறேன் என்றேன். சுற்றிச் சுற்றி அதுவும் எங்கள் எல்லைக்குத்தான் வந்து சேர்கிறது.

கேள்வி எளிமையானது. ஒருவர் பலருக்கு ஒரு செய்தி சொல்கிறார். அது எல்லோருக்கும் முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று சொன்னவருக்கு எப்படித் தெரியும்? ஒருவருக்கு ஒருவர் என்றால் சிக்கல் இல்லை, "கேட்டுதா?" "கேட்டுது", அவ்வளவுதான். ஐந்நூறு பேர் என்றால் என்ன செய்வது? கணினி வலையங்களைக் கட்டியவர்கள் இந்த ஒரு கேள்விக்காகச் சுமார் நாற்பது வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு அங்கே போவோம்.

மணிமேகலையின் முதல் காதைக்கே விழாவறை காதை என்று பெயர். இந்திர விழா வருகிறது என்று புகார் நகரத்துக்கு அறிவிக்க, வச்சிரக் கோட்டத்து முரசை யானைப் பிடரியில் ஏற்றி வீதி வீதியாகச் சொல்கிறார்கள். முரசுக்குப் பெரிய வசதி, ஆளுக்கொரு தடவை சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒலி எல்லோருக்கும் போகும். ஆனால் வீட்டுக்குள் உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தவளுக்குக் கேட்டதா என்று முரசு அறைந்தவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. விழா அறிவிப்புக்கு அது போதும். ஒரு வீட்டில் கேட்காவிட்டால் அடுத்த வீட்டில் சொல்லிவிடுவார்கள். இந்த அக்கம்பக்கத்துச் சமாச்சாரத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்தது கட்டபொம்மன் கதை. திருச்செந்தூரில் பூசை மணி அடித்ததும் அந்த ஒலி பாஞ்சாலங்குறிச்சிக்கு எட்டும்படி வழிநெடுக மணி மண்டபங்கள் கட்டி வைத்திருந்தார், அது கேட்டபிறகுதான் சாப்பிட உட்காருவார் என்பார்கள். செவிவழிச் செய்தி என்றே வைத்துக்கொள்வோம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது முரசைவிட ஒரு படி மேலே, ஒரு இடத்தில் வாங்கி அடுத்த இடத்துக்குக் கொடுக்கிற ஏற்பாடு. இதன் குறையும் உடனே தெரிந்துவிடும். நடுவில் ஒரு மண்டபத்துக்காரன் கண்ணயர்ந்தால் அவனுக்கு அப்புறம் உள்ள அத்தனை பேருக்கும் மணி இல்லை. பாவம் நாயக்கர், பசியோடு உட்கார்ந்திருப்பார். பூசை நடக்கவில்லையா, மணிதான் வரவில்லையா என்று அவரால் சொல்ல முடியாது. அங்கே திருச்செந்தூர்க் குருக்களுக்கோ நாயக்கர் சாப்பிட்டாரா இல்லையா என்ற தகவலே கிடையாது. இரண்டு பக்கமும் இருட்டு.

எங்கள் திருவிதாங்கூரில் அஞ்சல் இருந்தது. மணி கட்டிய கோலும் தோளில் பையுமாக ஓடுவான் அஞ்சலோட்டக்காரன். முதலில் அரசு காரியத்துக்காக மட்டும் இருந்தது, பிறகு பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். 1888இல் சங்கு முத்திரையோடு திருவிதாங்கூரின் சொந்தத் தபால்தலையே வந்தது. 1951இல் இந்தியத் தபால் துறையோடு சேரும்வரை இந்த அஞ்சல் தனியாகவே நடந்தது. தமிழில் தபாலுக்கு நாம் வழங்குகிற 'அஞ்சல்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மணிக்கோல்தான் கண்ணில் நிற்கும். தபால்காரர் கொண்டுவந்து கையெழுத்து வாங்குகிற ஒப்புகை அட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடிதம் சேர்ந்ததற்கு அத்தாட்சி அனுப்பியவர் கைக்கே திரும்பி வருகிறது. ஆனால் அது ஒரு கடிதத்துக்கு ஒரு அட்டை. ஆயிரம் பேருக்கு ஓலை அனுப்பினால் ஆயிரம் அட்டை திரும்பி வந்து குவியும். அதைப் பிரித்து அடுக்கவே தனியாக ஆள் போட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு நல்ல வழி இருந்தது. தலைமையாசிரியர் சுற்றறிக்கையை ஒரு நோட்டில் எழுதுவார். பியூன் வகுப்பு வகுப்பாகக் கொண்டு போவார். ஒவ்வொரு ஆசிரியரும் படித்துக் கையெழுத்துப் போட்டு அடுத்த வகுப்புக்கு விடுவார்கள். நோட்டு சுற்றிவிட்டுத் தலைமையாசிரியர் மேசைக்குத் திரும்பி வந்தால் எல்லோரும் பார்த்தாயிற்று என்று பொருள். யாராவது லீவு என்றால் அந்த இடம் காலியாக இருக்கும், அதுவும் ஒரு தகவல்தான்.

1984இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சாங், மாக்ஸம்சுக் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பலருக்கு அனுப்பும் செய்தி தவறாமல் சேர்வதற்கான நெறிமுறை அது. சாராம்சத்தில் நம் பள்ளிக்கூட நோட்டேதான்! குழுவில் உள்ள கணினிகளிடையே ஒரு டோக்கன் சுற்றிக்கொண்டிருக்கும். டோக்கன் எவர் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் "இந்தச் செய்தி வந்தது, இதற்கு இன்ன வரிசை எண்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒப்புகை சொல்வார். மற்றவர்கள் அதைக் கேட்டு, தங்களிடம் அந்த எண் இல்லையென்றால் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். விட்டுப்போனதை வாங்கி முடிக்காமல் யாரும் டோக்கனை ஏற்கக் கூடாது. ஆகவே டோக்கன் ஒரு சுற்று முழுசாக வந்துவிட்டால் அந்தச் செய்தி எல்லோரிடமும் இருக்கிறது என்பது உறுதி.

இதற்கு முன்னால் நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1971இல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் அப்ரம்சன் குழுவினர் வானொலி வழியாகக் கணினிகளை இணைத்தார்கள். 1974இல் வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் பின்னாளில் டி.சி.பி. என்று உலகமே பயன்படுத்தப்போகிற நெறிமுறையை விவரித்தார்கள். செய்தியைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து எண் போட்டு அனுப்புவது, வந்ததற்கு ஒப்புகை வாங்குவது, ஒப்புகை வராவிட்டால் மறுபடி அனுப்புவது. இன்றைக்கும் நீங்கள் வங்கிக் கணக்கு பார்ப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். ஆனால் அது இருவருக்கிடையிலான பேச்சு. மூன்றாம் ஆளுக்கு அதில் இடமில்லை.

1975இல் மூன்று பேர் எழுதிய ஒரு கட்டுரை வந்தது. அதில் ஒருவர் பெயர் ஏகநாதம், படித்ததும் நம் தென்னாட்டுப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். தகவல் தொலைந்துபோகக்கூடிய பாதையில், எத்தனை ஒப்புகை மாற்றி மாற்றி அனுப்பினாலும் இரண்டு பேரும் நூற்றுக்கு நூறு உறுதி அடைய முடியாது என்று அது காட்டியது. கடைசியாக அனுப்பிய ஒப்புகை சேர்ந்ததா என்ற சந்தேகம் எப்போதும் மிச்சம் நிற்கும். ஜிம் கிரே என்பவர் 1978இல் இதற்கு 'இரண்டு தளபதிகள்' என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கினார். இரண்டு பேருக்கே இந்தக் கதி!

குழுவுக்கு அனுப்புவதற்கு இணையத்தில் வழி போட்டவர் ஸ்டீவ் டீரிங். ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்தவர். 1989 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 1112 என்ற எண்ணோடு அவருடைய ஆவணம் வெளியானது. 224இல் தொடங்கி 239 வரையிலான இணைய முகவரிகள் தனி ஆளுக்கு இல்லை, குழுவுக்கு. விருப்பமுள்ள கணினி அந்தக் குழுவில் சேர்ந்துகொள்ளும். அனுப்புகிறவர் ஒரே ஒரு தடவை அனுப்பினால் போதும், வழியில் கிளை பிரிகிற இடத்தில் மட்டும் பிரதி எடுக்கப்படும். இதை மல்ட்டிகாஸ்ட் என்கிறார்கள். 1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த பொறியாளர் கூட்டத்தின் பேச்சை இந்த முறையில் பல இடங்களுக்கு அனுப்பிக் காட்டினார்கள். டீரிங்கின் ஏற்பாட்டில் ஒரு முக்கியமான அம்சம்: குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அனுப்புகிறவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதனால்தான் அது லட்சக்கணக்கானவருக்கும் விரியும். முரசின் வசதியும் முரசின் குறையும் சேர்ந்தே வந்துவிட்டன.

சரி, குறையைத் தீர்க்க எல்லோரும் ஒப்புகை அனுப்பட்டும் என்றால்? ஒரு பொட்டலத்துக்குப் பத்தாயிரம் ஒப்புகை ஒரே நேரத்தில் திரும்பி வந்து அனுப்பியவரை அமுக்கிவிடும். 'ஒப்புகை வெடிப்பு' என்று நான் என் பயிற்சி வகுப்புகளில் சொல்வது வழக்கம்.

இதற்குத் தீர்வு சொன்ன 1995ஆம் வருஷக் கட்டுரையை நம் ஊர்க் கல்யாணப் பந்தியை வைத்தே விளக்கிவிடலாம். சாலி ஃபிளாய்ட், வான் ஜேக்கப்சன் உள்ளிட்ட ஐவர் எழுதியது, பலர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய மின்னணுக் கரும்பலகை ஒன்றுக்காக. பந்தியில் பரிமாறுகிறவர் ஒவ்வொரு இலையாக நின்று "சாம்பார் வந்துதா, சாம்பார் வந்துதா" என்று கேட்டால் விடிந்துவிடும். அவர் வாளியோடு போய்க்கொண்டே இருப்பார். வராதவர்தான் குரல் கொடுக்க வேண்டும். அதாவது வந்ததற்கு ஒப்புகை கிடையாது, வராததற்குத்தான் புகார். வரவில்லை என்று எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்துச் சாப்பாட்டில் பருப்பு, சாம்பார், புளிசேரி, பாயசம், ரசம், மோர் என்று வரிசை உண்டு. ரசம் வந்துட்டுதுன்னா பாயசம் போயாச்சு என்று பொருள். பொட்டலங்களின் வரிசை எண் செய்கிற வேலை அதுதான்.

ஆனால் வரிசை முழுசுக்கும் பாயசம் வரவில்லையென்றால் இருபது பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்களே? அங்கேதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். ஒவ்வொருவரும் உடனே கத்தாமல், ஆளுக்கொரு அளவு, குத்துமதிப்பாகக் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். யாராவது ஒருவர் முதலில் "இந்த வரிசைக்குப் பாயசம் வரல்லே" என்று கூப்பிட்டுவிட்டால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ளலாம், தங்கள் புகாரும் அதில் அடங்கிவிட்டது. கூப்பிட்ட குரலுக்குச் சமையற்கட்டிலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்றும் இல்லை. பக்கத்தில் யாரிடம் வாளி இருக்கிறதோ அவரே ஊற்றலாம். அக்கம்பக்கத்துச் சமாச்சாரம் என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். கடைசியில் வருகிற மோர் வராமல்போனால் அதற்கப்புறம் வேறொன்றும் வராததால் விட்டுப்போனதே தெரியாது. அதற்காக, "இதுவரை இத்தனை போயிருக்கிறது" என்று அவ்வப்போது கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கவும் ஏற்பாடு செய்தார்கள்.

வேறு வழிகளும் வந்தன. மைக்கேல் லூபி, பயர்ஸ், மிட்ஸென்மாக்கர் முதலியோர் 1998இல் ஊற்று என்ற கருத்தைக் கொண்டுவந்தார்கள். கோப்பை அப்படியே அனுப்பாமல், அதன் துண்டுகளைக் கணிதமுறையில் கலந்து கலந்து ஓயாமல் அனுப்பிக்கொண்டிருப்பது. வாங்குகிறவர் எந்தத் துளியை விட்டார் என்று கவலைப்பட வேண்டாம். ஏதோ போதுமான துளிகள் சேர்ந்துவிட்டால் முழுக் கோப்பையும் மீட்டுவிடலாம். கேள்வி கேட்கவே வேண்டாம், திரும்பிப் பேசுகிற பாதையே இல்லாத இடத்துக்கு இது கண்கண்ட மருந்து. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தார் உருவாக்கி 2009இல் ஆர்.எஃப்.சி. 5740 ஆக வெளிவந்த நெறிமுறையும் புகார் முறையையும் இத்தகைய உபரித் துண்டுகளையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது. வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறவர்களுக்கும் அதில் இடமுண்டு.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் கென் பர்மன் வேறு பக்கம் யோசித்தார். 1980களில் அவர் குழு செய்த ஐசிஸ் என்ற மென்பொருளில் குழுவின் உறுப்பினர் பட்டியலே முதல் பொருள். யார் உள்ளே, யார் வெளியே என்ற பட்டியலை எல்லா உறுப்பினரும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும், பட்டியல் மாறினால் எல்லோருக்கும் ஒரே கட்டத்தில் மாற வேண்டும். நியூயார்க் பங்குச் சந்தையும் பிரான்சின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் அதைப் பயன்படுத்தின. நம் தேசியப் பங்குச் சந்தை 1994இல் சிறு செயற்கைக்கோள் தட்டுகள் மூலம் நாடு முழுக்கத் தரகர்களுக்கு விலை அனுப்பத் தொடங்கியதும் இந்தக் குடும்பத்துச் சிக்கல்தான். ஆனால் அங்கே ஒரு விலை விட்டுப்போனால் பெரிய நட்டமில்லை, அடுத்த நொடி புது விலை வந்துவிடும்.

விட்டுப்போனால் அடுத்தது வராத இடம் ஒன்று எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பாறசாலையிலிருந்து கடலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பொழியூர் கேரளம். அதற்கு அடுத்த நீரோடி தமிழ்நாடு. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என்று எட்டுக் கடற்கரை ஊர்கள் வரிசையாக வரும். அந்த ஊர்க்காரர்கள் சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்குகிறவர்கள். 2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்குத் தெற்கே இருந்த தாழ்வு மண்டலம், மறுநாள் 30ஆம் தேதி குமரிமுனைக்குப் பக்கத்தில் புயலாகிவிட்டது. ஓக்கி என்று பெயர். வங்கதேசம் கொடுத்த பெயர், கண் என்று அர்த்தமாம். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. ஆனால் பல நாட்களுக்கு முன்பே போனவர்களுக்கு "போக வேண்டாம்" என்று சொல்லி என்ன பயன்? கைபேசி கரையிலிருந்து சில கிலோமீட்டரில் செத்துவிடும். படகிலிருக்கும் வி.எச்.எஃப். வானொலியும் சில பத்துக் கிலோமீட்டர்தான். இரண்டு மாநிலத்துக் கரைகளிலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை.

அப்போது நடந்ததில் ஒரு விஷயம் என்னை இன்றுவரை விடவில்லை. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்பதற்கே ஒத்துக்கொண்ட கணக்கு கிடையாது. அரசு ஒரு எண் சொன்னது, கடற்கரைக் கோயில் பங்குகள் வேறு எண் சொன்னன. பங்குத்தந்தையர் வீடு வீடாக விசாரித்துப் பெயர்ப் பட்டியல் எழுதினார்கள். பர்மன் கணினிகளுக்காகச் செய்த உறுப்பினர் பட்டியலை இங்கே கோயில் முற்றத்தில் பேனாவும் நோட்டுமாக உட்கார்ந்து செய்தார்கள், அதுவும் புயல் அடித்த பிறகு. பட்டியலே இல்லாதபோது யாருக்குச் செய்தி சேரவில்லை என்று எப்படிக் கேட்பது? ஒப்புகையை எண்ணுவதற்கு முன்னால் ஆளை எண்ண வேண்டுமே. எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்ததா என்று தொலைக்காட்சிகளில் மாதக்கணக்காக வாதம் நடந்தது. அது முக்கியம்தான். ஆனால் ஒரு நாள் முன்னதாகவே வந்திருந்தாலும் ஆழ்கடலுக்குக் கொண்டுபோகப் பாதை இல்லை, திரும்பி வரப் பாதை சுத்தமாக இல்லை என்பதை அந்த வாதத்தில் குறைவாகவே கேட்டேன்.

அதற்குப் பிறகு வேலை நடக்காமல் இல்லை. 2018இல் திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம் வந்தது. 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவியை மத்திய அரசு வெளியிட்டது. ககன் செயற்கைக்கோள் வழியாகக் கடல் நிலை, புயல் எச்சரிக்கை எல்லாம் கருவிக்கு வரும், கருவியிலிருந்து புளூடூத் மூலம் கைபேசிக்கு வரும். கரையிலிருந்து எவ்வளவு தூரமானாலும் கேட்கும். ஆனால் ஒருவழி. யானைமேல் இருந்த முரசு வானத்துக்கு ஏறியது என்று சொல்லலாம். 2023இல் நாடு முழுக்கக் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சோதனையும் ஒருவழிதான். கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிற எல்லாக் கருவிக்கும் போகும், யார் பார்த்தார்கள் என்று திரும்பி வராது. எங்கள் பக்கத்தில் அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. எல்லையில் வீட்டு முன்வாசலில் கேரளத்துக் கோபுரம் பிடிக்கும், அடுக்களைக்குப் போனால் தமிழ்நாட்டுக் கோபுரம் பிடிக்கும். எந்த மாநிலத்து எச்சரிக்கை வந்து விழும் என்பது அப்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இருவழிக்கு வந்தது பின்னால். படகிலிருந்து அபாயச் செய்தி அனுப்பும் இஸ்ரோவின் கருவி 2010லேயே உண்டு. அதில் பொத்தானை அழுத்தியவனுக்குத் தன் குரல் கரைக்கு எட்டியதா என்று தெரியாது. அலைக்கு நடுவே பொத்தானை அழுத்திவிட்டு ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 2024 தொடக்கத்தில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், "உன் செய்தி வந்தது" என்ற ஒப்புகை செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே திரும்பி வருகிறது. கரையிலிருந்து எச்சரிக்கையும் அனுப்பலாம். அதே வருஷம் ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தில், 13 கடலோர மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் 1 லட்சம் படகுகளுக்கு இருவழிக் கருவி பொருத்துவது என்று முடிவாயிற்று. ஒரு லட்சம் படகும் ஒரே நேரத்தில் ஒப்புகை சொன்னால் என்ன ஆகும் என்று இந்தக் கட்டுரையை இதுவரை படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்களைப்போலத் தவணை வைத்துப் பொறுமையாகத்தான் பேச வைக்க வேண்டும்.

உறுப்பினர் பட்டியல் விஷயம் மட்டும் இன்னும் எங்கள் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. தூத்தூர்ப் பக்கத்துப் படகுகள் பல தமிழ்நாட்டில் பதிவானவை. அவை கொச்சித் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகும். அதில் ஏறுகிற பத்துப் பன்னிரண்டு பேரில் நீரோடிக்காரனும் இருப்பான், பொழியூர்க்காரனும் இருப்பான். கருவி படகுக்கு ஒன்று. ஒப்புகையும் படகுக்கு ஒன்றுதான் வரும். அந்தப் பயணத்தில் ஏறியவர்களின் பெயர் எந்த மாநிலத்து மீன்வளத்துறை நோட்டில் ஏறுகிறது என்று ஒரு தடவை சின்னத்துறையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "ரெண்டுலயும் இருக்கும் பிள்ளே, இல்லேன்னா ரெண்டுலயும் இருக்காது. கோயில் நோட்டுல இருக்கும்" என்றார்.